பழசு உசத்தியா, புதுசு உசத்தியா? லீவர் ரைஃபிள் வந்த கதை

வின்செஸ்டர்னு சொன்னவுடனே நம்ம ஆளுங்க பாதிப் பேருக்கு டெக்ஸ் வில்லர்தான் ஞாபகத்துக்கு வருவார். லயன் காமிக்ஸ் படிச்சு வளர்ந்த கோஷ்டிக்கு விளக்கமே வேண்டாம். மத்தவங்களுக்கு ஜெய்சங்கரோட கௌபாய் படங்கள். டிரிக்கருக்குக் கீழ வளையம் மாதிரி ஒரு கம்பி இருக்கும் பாருங்க, அதை ஒரு தடவை முன்னால தள்ளி பின்னால இழுத்தா அடுத்த தோட்டா ரெடி. அதுதான் லீவர் ரைஃபிள்.

இது மியூசியத்துல தூங்குற சாமான்னு நினைச்சா தப்பு. அமெரிக்காவுல இன்னிக்கும் புதுசு புதுசா செஞ்சு விக்கிறாங்க, மான் வேட்டைக்காரங்க வாங்குறாங்க. கூடவே ஒரு தீராத சண்டையும் ஓடிக்கிட்டே இருக்கு. "இப்ப வர்றதெல்லாம் தகர டப்பா, அந்தக் காலத்துச் சரக்குதான் சரக்கு"ன்னு ஒரு கட்சி. "சும்மா பெருமை பேசாதீங்க, இப்ப வர்றதுதான் துல்லியம்"னு இன்னொரு கட்சி. நம்ம ஊர்ல புல்லட் வச்சிருக்கிறவங்க பழைய காஸ்ட் அயன் இன்ஜினையும் புது இன்ஜினையும் வச்சு அடிச்சுக்குவாங்களே, அச்சு அசல் அதே சண்டை. இதுல யார் சொல்றது சரின்னு பார்க்கணும்னா கொஞ்சம் சரித்திரம் புரட்டணும். (நான் சுட்டதெல்லாம் மெரினா பீச் பலூன் மட்டும்தான், அதுலயும் பத்துக்கு மூணு. அதனால குறி பார்க்கிறது பத்தி சந்தேகம் கேட்காதீங்க. இது தொழிற்சாலைகளின் கதை.)

ஆரம்பம் 1850-கள். ஹோரஸ் ஸ்மித், டேனியல் வெஸ்ஸன் அப்படின்னு ரெண்டு பேர். பின்னாடி கைத்துப்பாக்கியில கொடி நாட்டின அதே ஸ்மித் அண்ட் வெஸ்ஸன்தான். 1854-ல் லீவரால தோட்டா ஏத்துற ஒரு துப்பாக்கிக்குக் காப்புரிமை வாங்கினாங்க. 1855-ல் அது வால்கானிக்னு ஒரு கம்பெனியா ஆச்சு. அதுல பணம் போட்டவர்தான் ஆலிவர் வின்செஸ்டர். நம்ம தலைவருக்குத் துப்பாக்கி பத்தி ஒண்ணும் தெரியாது, அவர் சட்டை தைச்சு விக்கிற வியாபாரி! கம்பெனி நொடிஞ்சு போனப்ப மொத்தத்தையும் தன் கையில எடுத்துக்கிட்டார். அவர்கிட்ட வேலை பார்த்த பெஞ்சமின் டைலர் ஹென்றி அந்தத் துப்பாக்கியைச் சரி பண்ணி 1860-ல் ஹென்றி ரைஃபிளாகக் கொண்டு வந்தார். ஒரு தடவை நிரப்பினா 16 தோட்டா. ஒவ்வொரு தடவை சுட்டதும் வாய் வழியா மருந்து கெட்டிச்சுக்கிட்டிருந்த காலத்துல இது என்ன மாதிரி சமாச்சாரம்னு யோசிச்சுப் பாருங்க.

ஆனா விலை? 40 டாலருக்கும் மேல. உள்நாட்டுப் போர் ஆரம்பிச்ச சமயம் ஒரு சாதாரண சிப்பாயோட மாசச் சம்பளம் 13 டாலர். மூணு மாசச் சம்பளத்தைக் கொட்டிச் சொந்தக் காசுல வாங்கின சிப்பாய்களும் இருந்தாங்க. உயிர் மேல ஆசை இருந்தா விலை கணக்கு மாறிடும். அரசாங்கம் வாங்கினது ஏறக்குறைய 1,700 மட்டுமே. 'காசுக்கு உருப்படியா' என்ற கேள்வி இந்த ரைஃபிள் பிறந்த அன்னிக்கே கூடப் பிறந்ததுன்னு சொல்லத்தான் இதை எழுதுறேன்.

1866-ல் கம்பெனி பேர் வின்செஸ்டர் ஆச்சு. பித்தளை உடம்போட 1866 மாடல், அப்புறம் இரும்பு உடம்போட 1873 மாடல். 1877-ல் பிளெவ்னா முற்றுகையில துருக்கிக்காரங்க 1866 மாடலை வச்சு ரஷ்யப் படையைப் போட்டுத் தாக்கினது ஐரோப்பாவையே திரும்பிப் பார்க்க வச்சது. அதுக்கு முந்தின வருஷம் லிட்டில் பிக்ஹார்ன்ல கஸ்டரோட படையைப் பழங்குடிகள் முடிச்சாங்க இல்லையா, அந்த இடத்துல 1983-ல் காட்டுத்தீ வந்து புல்லெல்லாம் எரிஞ்சப்புறம் தொல்லியல்காரங்க தோண்டிப் பார்த்தாங்க. கிடைச்ச காலித் தோட்டாக்களை வச்சுப் பார்த்தா, லக்கோட்டா, செயென் வீரர்கள் பலர் கையில ஹென்றியும் வின்செஸ்டரும். கஸ்டரோட சிப்பாய்ங்க கையில ஒத்தைத் தோட்டா ஸ்ப்ரிங்ஃபீல்டு. மேற்கை வென்ற துப்பாக்கின்னு வின்செஸ்டர் பிற்காலத்துல விளம்பரம் பண்ணிச்சு. அன்னிக்கு அதை வச்சு ஜெயிச்சது யாருன்னு விளம்பரத்துல போடல :-)

அப்புறம் வந்தார் ஜான் பிரௌனிங், யூட்டா மாநிலத்து ஆள். 1886, 1892, 1894, 1895 மாடல் எல்லாம் அவர் வடிவமைப்பு. இதுல 1894 மாடல்தான் சூப்பர் ஸ்டார். புகையில்லா மருந்துல ஓடுற 30-30 தோட்டா அடுத்த வருஷமே அதுக்கு வந்தது. மொத்தமா 70 லட்சத்துக்கும் மேல செஞ்சிருக்காங்க. பத்து லட்சமாவது ரைஃபிளை 1927-ல் ஜனாதிபதி கூலிட்ஜுக்குக் கொடுத்தாங்க, இருபது லட்சமாவதை 1953-ல் ஐசனோவருக்கு. பிரௌனிங் ராயல்டி தகராறுல 1902 வாக்குல வின்செஸ்டரோட சண்டை போட்டுட்டு பெல்ஜியத்துல எஃப்.என். கம்பெனிக்குப் போயிட்டார். இந்த எஃப்.என். பேரை மனசுல வச்சுக்குங்க, திரும்ப வரும்.

இப்ப சண்டையோட மூலத்துக்கு வருவோம்: 1964.

லீவர் ரைஃபிளோட பிரச்சினை என்னன்னா, செய்யறதுக்கு ரொம்பக் கஷ்டமான ஐட்டம். ரிசீவர்னு சொல்ற நடு உடம்பு இருக்கே, அதை அடிச்சு வார்த்த எஃகுக் கட்டியில இருந்து மில்லிங் மெஷின்ல கொஞ்சம் கொஞ்சமா குடைஞ்சு எடுக்கணும். உள்ள லீவர், போல்ட், பூட்டுக்கட்டை, தோட்டாவைத் தூக்கிக் கொடுக்கிற கேரியர் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு உரசி ஓடணும். கடைசியில ஒரு ஃபிட்டர் அரத்தை வச்சு ராவி ராவி உக்கார வைக்கணும். அம்பத்தூர் எஸ்டேட்லயோ கோயமுத்தூர் பட்டறையிலயோ வேலை பார்த்த பழைய ஃபிட்டர் யாரையாவது கேளுங்க, ஒரு நூல் உரசலுக்கு எத்தனை மணி நேரம் போகும்னு சொல்வாங்க. போருக்கு அப்புறம் கூலி ஏறிக்கிட்டே போச்சு. போல்ட் ரைஃபிளோ பாதி வேலையில முடிஞ்சிடும்.

அதனால வின்செஸ்டர் (அப்போ ஆலின் கம்பெனி கையில, 1931-லேர்ந்தே) ஒரு முடிவு எடுத்தாங்க. 1964-லேர்ந்து வர்ற மாடல் 94-ல், எஃகுல குடைஞ்ச கேரியருக்குப் பதிலா தகடை அழுத்தி மடிச்சுச் செஞ்ச கேரியர். கெட்டியான ஊசிகளுக்குப் பதிலா தகடைச் சுருட்டின உள்ளீடில்லாத ஊசிகள். ரிசீவர் உலோகமும் மாறிச்சு. அதுல வழக்கமான கருநீல மெருகு ஒழுங்கா ஏறாது, நாளான பின்னாடி உரிஞ்சா மறுபடி சாதாரண முறையில ஏத்தவும் முடியாது.

சுடுமா? நல்லாவே சுடும். மான் சாகும். ஆனா லீவரைத் திறந்து தலைகீழா குலுக்கினா உள்ள கலகலன்னு ஒரு சத்தம். வாங்கினவன் காதுல அந்தச் சத்தம் விழுந்துடுச்சு. "64-க்கு முந்தினது" என்ற வார்த்தை அன்னிக்குப் பிறந்தது, இன்னிக்கு வரைக்கும் விலையில தெரியுது. 1963-ல் செஞ்ச ரைஃபிளுக்கும் 1965-ல் செஞ்சதுக்கும் வயசு வித்தியாசம் ரெண்டே வருஷம், ஆனா பழைய சந்தையில தனித்தனி ஜாதி. என்னைக் கேட்டா, இதுல பாதி நியாயம், பாதி மூடநம்பிக்கை. 70-களில் கேரியர் மாதிரி சிலதைத் திரும்பச் சரி பண்ணிட்டாங்க. ஆனா போன பேர் போனதுதான்.

நடுவுல இன்னொரு கூத்து. நினைவுப் பதிப்புகள்! 1966-ல் கம்பெனிக்கு நூறு வயசு. தங்க முலாம் பூசி ஒரு நூற்றாண்டு ரைஃபிள் விட்டாங்க. 'எடுத்து வச்சா பேரன் காலத்துல கோடி போகும்'னு ஜனங்க வாங்கிப் பெட்டி பிரிக்காம பரண்ல வச்சாங்க. செஞ்சது ஒரு லட்சத்துக்கும் மேல! ஒரு லட்சம் பேர் கையில இருக்கிற பொருள் எப்படிங்க அபூர்வமாகும்? எருமை பில், ஜான் வெய்ன்னு வரிசையா விட்டுக்கிட்டே இருந்தாங்க. அதே காலத்துல மழையிலும் பனியிலும் அடிபட்டுத் தேய்ஞ்ச சாதாரண 64-க்கு முந்தின ரைஃபிளுக்கு மவுசு ஏறிக்கிட்டே போச்சு. தங்க முலாம் போட்டது பல வருஷமா அப்படியே கிடந்தது.

1979-80-ல் நியூ ஹேவன் ஆலையில பெரிய வேலைநிறுத்தம். ஆலின் கம்பெனி வெறுத்துப்போய் 1981-ல் ஆலையை வித்துட்டாங்க. வின்செஸ்டர்ங்கிற பேர் மட்டும் ஆலின்கிட்டயே, உரிமம் கொடுத்து. அதாவது அதுக்கப்புறம் 'வின்செஸ்டர்' துப்பாக்கியைச் செஞ்சது வேற கம்பெனி. அதுவும் 80-களின் இறுதியில திவாலாகி கடைசியில யார் கைக்குப் போச்சு தெரியுமா? எஃப்.என். பிரௌனிங் கோவிச்சுக்கிட்டுப் போன அதே பெல்ஜியம் கம்பெனி. 2006 மார்ச் 31-ல் நியூ ஹேவன் ஆலையை மூடினாங்க. உலகப்போர் காலத்துல 19,000 பேர் வரைக்கும் வேலை பார்த்த இடத்துல கடைசியில மிஞ்சியிருந்தது 186 பேர். மூடப்போறாங்கன்னு செய்தி வந்தவுடனே கடைகள்ல இருந்த ரைஃபிள் எல்லாம் பறந்துச்சாம். 'கலகல'ன்னு திட்டினவங்களே வரிசையில நின்னிருப்பாங்க. நம்ம ஊர் தியேட்டரை மூடுற அன்னிக்கு மட்டும் ஹவுஸ்ஃபுல் ஆகுற மாதிரி.

நாலு வருஷம் கழிச்சு, 2010-ல், ஆலிவர் வின்செஸ்டர் பிறந்த இருநூறாம் ஆண்டுன்னு சொல்லி மாடல் 94 திரும்ப வந்துச்சு. குழல் மேல 'ஜப்பானில் செய்தது'. மிரோக்கு கம்பெனி, கோச்சி மாநிலத்துல இருக்கு. இவங்க 70-களின் இறுதியிலிருந்தே பிரௌனிங் பேர்ல 92 மாடல் மாதிரி பழைய வடிவங்களைச் செஞ்சுக்கிட்டிருந்தவங்கதான். அமெரிக்காவுல முதல்ல முகம் சுளிச்சாங்க. அப்புறம் கையில எடுத்துப் பார்த்தவங்க வாயை மூடிக்கிட்டாங்க. மரமும் இரும்பும் சேர்ற இடத்துல முடி நுழையாது, மெருகு கண்ணாடி மாதிரி. 64-க்கு முந்தினதைவிடவே வேலைப்பாடு சுத்தம்னு ஒத்துக்கிறவங்க நிறைய. பழமைவாதிங்களுக்கு மிச்சமிருக்கிற குறை ரெண்டு: பிடிக்கு மேல வக்கீலுக்குப் பயந்து வச்ச ஒரு பாதுகாப்புப் பொத்தான், அப்புறம் அந்த ஜப்பான் முத்திரை. விலை ஆயிரம் டாலருக்கு மேல.

இந்தக் கதையிலேயே என்னை ரொம்பப் படுத்தினது வின்செஸ்டர் இல்லை, பக்கத்து ஆலை. மார்லின்.

ஜான் மார்லின் 1870-ல் அதே நியூ ஹேவன்ல ஆரம்பிச்சது. காலித் தோட்டா மேல் பக்கமா தலைக்கு மேல பறக்காம பக்கவாட்டுல விழற மாதிரி செஞ்சாங்க, அதனால தொலைநோக்கி மாட்ட வசதி. முதல் உலகப்போருக்கு அப்புறம் நொடிஞ்சு 1924-ல் ஏலத்துக்கு வந்தது. ஃபிராங்க் கென்னா என்கிற வக்கீல் 100 டாலருக்கு எடுத்தார். ஆமாங்க, நூறு டாலர்! கூடவே ஒரு லட்சம் டாலர் அடமானக் கடனும் தலையில விழுந்துச்சு. சவர பிளேடு எல்லாம் வித்துக் கம்பெனியைக் காப்பாத்தினாங்க. அந்தக் குடும்பம் எண்பது வருஷத்துக்கு மேல நடத்திச்சு. 1948-ல் வந்த 336 மாடல் உழைப்பாளி ரைஃபிள். வின்செஸ்டர் 64-ல் சறுக்கினப்போ மார்லின் பெருசா சறுக்கல.

2007-ன் கடைசியில ரெமிங்டனுக்கு விக்க ஒப்பந்தம் ஆச்சு. ரெமிங்டனை அந்த வருஷம்தான் ஒரு முதலீட்டுக் கம்பெனி வாங்கியிருந்துச்சு. 2010-ல் அறிவிப்பு: நார்த் ஹேவன் ஆலையை மூடறோம், உற்பத்தி நியூயார்க் மாநிலம் இலியனுக்குப் போகுது. 2011-க்குள்ள மூடியாச்சு. இருநூத்துச் சொச்சம் தொழிலாளிங்க வீட்டுக்குப் போனாங்க. மெஷின்களை லாரியில ஏத்திட்டாங்க. இனி என்ன, இறக்கி வச்சு சுவிட்ச் போட்டா ரைஃபிள் வரும்னு நினைச்சாங்க.

வந்தது. குழல் கோணல், குறிமுனை சாஞ்சிருக்கு, மரத்துக்கும் இரும்புக்கும் நடுவுல நாலணா நுழையலாம், தோட்டா பாதியில சிக்குது. ஜனங்க 'ரெம்லின்'னு பட்டப்பேர் வச்சாங்க. என்ன ஆச்சுன்னா, அந்த மெஷின்கள் அறுதப் பழசு, தேய்ஞ்சு போனது. வரைபடங்களோ நடைமுறையோட ஒத்துவராதது. அப்ப நார்த் ஹேவன்ல மட்டும் எப்படி நல்லா வந்துச்சு? அந்த மெஷின் முன்னாடி முப்பது வருஷம் நின்னவருக்குத் தெரியும், இது இந்தப் பக்கம் இத்தனூண்டு இழுக்கும், அதனால கட்டியை இப்படி வைக்கணும்னு. அது எந்தக் காகிதத்துலயும் இல்லை. அவரை வீட்டுக்கு அனுப்பிட்டு மெஷினை மட்டும் தூக்கிட்டு வந்தா? கணக்குப் புத்தகத்துல மெஷினுக்கு விலை இருக்கு, வரைபடத்துக்கு விலை இருக்கு, பிராண்டுக்கு விலை இருக்கு. அந்த ஆளோட கைக்கு எந்தப் பக்கத்துலயும் விலை எழுதல. அதனால அவரை அனுப்பினது செலவுக் குறைப்புன்னு கணக்குல ஏறிடுச்சு.

சந்தை மட்டும் விலை எழுதிச்சு. பழைய மார்லின் குழல்ல 'ஜேஎம்'னு ஒரு சின்ன முத்திரை இருக்கும், ஜான் மார்லின் பேர். அந்த ரெண்டு எழுத்து இருந்தா பழைய சந்தையில தனி விலை. அதுலயும் உஷாரா இருக்கணும், ஆலை மாறின சமயத்துல மிஞ்சின பழைய குழலைப் புது உடம்புல மாட்டினதும் உண்டு. வரிசை எண் 'எம்ஆர்'னு ஆரம்பிச்சா ரெமிங்டன் காலத்துது. ஜுராசிக் வேர்ல்டு (2015), விண்ட் ரிவர் (2017) படங்கள்ல மார்லின் 1895 வந்தப்புறம் கேட்கவே வேண்டாம்.

ரெமிங்டனுக்கும் பின்னாடி புத்தி வந்து புது வரைபடம், புது மெஷின்னு செலவு பண்ணி, கடைசி சில வருஷம் ஓரளவு நல்ல சரக்கே விட்டாங்க. ஆனா 2018-ல் ஒரு திவால், 2020-ல் இன்னொரு திவால். ஏலத்துல மார்லினை ரூகர் கம்பெனி ஏறத்தாழ 3 கோடி டாலருக்கு எடுத்தாங்க. வட கரோலினாவுல மேயோடன் ஊர்ல அவங்க ஆலை. பேர் கையில இருக்கேன்னு மறுநாளே விக்க ஆரம்பிக்கல, ஒரு வருஷத்துக்கு மேல எடுத்துக்கிட்டாங்க. ஒவ்வொரு உறுப்பையும் திரும்ப அளந்து, கம்ப்யூட்டர் ஓட்டுற சிஎன்சி மெஷின்ல ஏத்தி, 2021 டிசம்பர்லதான் முதல் 1895 வெளிய வந்துச்சு. பட்டியல் விலை 1,399 டாலர். வாங்கினவங்க பெரும்பாலும் சொன்னது: ஜேஎம் காலத்துக்குக் குறைவில்லை, சில விஷயத்துல மேல.

மத்தவங்களையும் ஒரு ஓட்டம் பார்த்துடலாம். 1996-ல் புரூக்ளின்ல ஆரம்பிச்ச ஹென்றி கம்பெனிக்கும் அந்தப் பழைய பெஞ்சமின் டைலர் ஹென்றிக்கும் பேரைத் தவிர ஒட்டுமில்லை உறவுமில்லை. சின்ன 22 ரைஃபிள்கள்ல உடம்பு துத்தநாகக் கலவைதான், மேல மூடி போட்டிருப்பாங்க. வாய்விட்டுச் சிரிச்சவங்க உண்டு, ஆனா லீவர் வெண்ணெய் மாதிரி ஓடும், விலையும் கையைக் கடிக்காது. பக்கவாட்டுல தோட்டா போடுற கதவு வேணும்னு ஜனங்க கேட்டுக் கேட்டு 2019-லதான் வச்சாங்க. இத்தாலியில ஊபெர்ட்டி, 1959-லேர்ந்து. 1860, 1866, 1873 எல்லாம் நகல் எடுக்கிறாங்க, பழைய காலத்து எஃகைவிட நல்ல எஃகுல. டெக்ஸ் வில்லரும் இத்தாலிக்காரங்க படைப்புதான், அவங்களுக்கு அமெரிக்க மேற்கு மேல அப்படி ஒரு காதல்! பிரேசில்ல ரோஸ்ஸி 92: விலை கம்மி, உள்ள கொஞ்சம் கரடுமுரடு, பொறுமை இருக்கிறவங்க வாங்கி அவங்களே தேய்ச்சு வழவழப்பாக்கிக்கிறாங்க. அதாவது 1963-ல் ஃபிட்டர் செஞ்ச வேலையை இப்ப வாங்கினவர் செய்றார் :-)

ஆக என் தீர்ப்பு என்னன்னா, 64-க்கு முந்தினது உசத்திங்கிறது 1964-க்கும் 1981-க்கும் நடுவுல நூத்துக்கு நூறு உண்மை. இன்னிக்கு மிரோக்குவையும் ரூகரையும் வச்சுக்கிட்டு அதையே சொன்னா அது பாசம், அளவுகோல் இல்லை. சிஎன்சி மெஷின் அந்த அரத்து வேலையை இரும்புல இருந்து எடுத்து கணக்குல போட்டுடுச்சு. அளவு சரியா வந்தா ராவ வேண்டியதே இல்லை. ஆனா மூணு மாசச் சம்பளக் கணக்கு திரும்ப வராட்டியும், மான் வேட்டைக்குப் போற மெக்கானிக் யோசிக்காம வாங்குற ரைஃபிளா இருந்தது இப்ப ஆயிரம், ஆயிரத்து நானூறுன்னு நிக்குது. நானூறு, ஐநூறு டாலருக்கு நல்ல போல்ட் ரைஃபிள் கிடைக்குது, அது தூரமும் அடிக்கும். 70 லட்சம் பழைய வின்செஸ்டர் நாடு முழுக்கப் பரண்ல கிடக்கு. சுடத்தான் வாங்கறேன்னா, பேர் கெட்ட 70-கள் மாடலைப் பேரம் பேசி வாங்குறவன்தான் என் கணக்குல கெட்டிக்காரன். அந்தக் கலகலச் சத்தத்தை மட்டும் சகிச்சுக்கணும்.

2024 ஜனவரியில ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஒரு புது லீவர் ரைஃபிள் விட்டாங்க. 170 வருஷத்துக்கு முந்தின அந்தக் காப்புரிமையை ஞாபகம் வச்சு மாடலுக்கு 1854-னு பேர். துருப்பிடிக்காத எஃகு, 44 மேக்னம் தோட்டா, விலை 1,200 டாலருக்கு மேல. அதே வருஷம் மார்ச்ல இலியன் ஆலையை மூடிட்டாங்க. நார்த் ஹேவன் மெஷின்களை லாரியில கொண்டு வந்து இறக்கின அதே இலியன்.